சேவலும் அதன் சுற்றமும்

மனிதரை அண்டி வாழும் உயிர்களுள் சேவலைப்போற் பழி சுமந்தது பிறிதொன்றில்லை. செருக்குக்கும் வீண் பூசலுக்கும் ஆரவாரத்திற்கும் அதனையே உவமை கூறுகின்றோம். பசு பால் தருகின்றது, நாய் காவல் புரிகின்றது, பெட்டை முட்டையிடுகின்றது, சேவல் செய்வது யாது? தின்பதும் கூவுவதுமே அன்றி வேறில்லை என்பாருமுளர். இக்கூற்று எத்துணைப் பிழையுடைத்து என்பதை, நூல்வாயிலாக அறியுமுன்னரே, கரிக்கலாம்பாக்கத்தில் எம் ஆயாவின் தோட்டத்தில் யாம் கண்டறிந்தோம். அதனை நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிக்கலாம்பாக்கம் புதுவையைச் சார்ந்த நாட்டுப்புறத்து ஊர். ஆயாவின் தோட்டத்தில் எட்டுப் பெட்டைகளும் ஒரு செஞ்சேவலும் இருந்தன. கழிந்த ஆண்டு அடுத்த மனையில் வீடு கட்டி ஒரு குடும்பத்தார் நகரத்தினின்றும் வந்து குடியேறினர். அவ்வீட்டுத் தலைவர் தொழிற்சாலையில் வேலை முடித்து, நள்ளிரவு கழிந்து வந்து கண்ணயர்பவர். நான்கு மணிக்கே தொடங்கும் சேவலின் கூவல் அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. அவர் கடிந்து பேசவில்லை; வருந்தியே சொன்னார். ஆயாவும், முட்டையிடாத பறவையின் பொருட்டு அயலாரோடு மனவருத்தம் எதற்கென்று எண்ணி, அதனைச் சந்தையில் விற்றுவிட்டார்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கேண்மின். முன்பு ஒற்றுமையாக மேய்ந்த பெட்டைகளுக்குள் ஓயாப் பூசல் எழுந்தது. மூத்த பெட்டையொன்று தீனியருகே எவற்றையும் அண்டவிடாது கொத்தி விரட்டிற்று. அப்பொழுது குஞ்சோடு திரிந்த ஒரு தாய்க்கோழியின் ஒன்பது குஞ்சுகளுள் நான்கைப் பருந்து கொண்டுபோயிற்று. சேவல் விலைப்பட்டு ஒரு திங்கள் சென்றபின், வைக்கோற்போரின் மறைவிலே ஆயாவும் அறியாமல் அடைகிடந்த பெட்டையின் முட்டைகள் பதினொன்றும், இருபத்தொரு நாள் கடந்தும் பொரியாமற் கூமுட்டையாய் ஒழிந்தன. சேவல் இருந்திருப்பின் ஒரு குஞ்சும் போயிராது என்று யாம் சொல்லத் துணியோம். பருந்து முன்னரும் வந்ததுண்டு. ஆயினும், ‘சேவல் செய்வது யாது?’ என்னும் வினாவை அன்றுதான் யாம் முதன்முறை உண்மையாகக் கேட்டோம்.

விடை காண்பதற்கு நாம் காட்டிற்குச் செல்லவேண்டும். வீட்டுக்கோழியின் முன்னோர் செங்காட்டுக்கோழி என்பது அறிஞர் முடிபு. அதனோடு நம் தென்னாட்டுக் காடுகளில் வாழும் சாம்பற்காட்டுக்கோழியின் கலப்பும் உண்டென்பதும், வீட்டுக்கோழிகள் பலவற்றின் தோலிற் காணும் மஞ்சள் நிறம் அதனின்று வந்ததென்பதும் 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெளிவாயின. அப்பறவையின் அறிவியற் பெயர், புதுவையில் வாழ்ந்து பணிபுரிந்த பிரெஞ்சு இயற்கை நூலார் பியேர் சொன்னெராவின் பெயரைத் தாங்கி நிற்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தருவதே. காட்டிலே பகை பல, மறைவிடம் சில. அங்கே சிறு சுற்றத்தோடு வாழ்ந்து பழகிய குணங்களையே நம் முற்றத்துச் சேவலும் இன்றளவும் கைவிடாது காக்கின்றது.

சேவல் இரை கண்டால் யாது செய்கின்றது? தலையை உயர்த்தியும் தாழ்த்தியும், இரையை எடுத்தும் கீழே இட்டும், விரைந்த குரலால் பெட்டைகளை அழைக்கின்றது. பெட்டை வந்து கொத்தும்வரையில் தான் உண்ணாது நிற்பதையும் பன்முறை கண்டுள்ளோம். இதனைத் தூய ஈகை எனப் புகழ்ந்துவிடவும் இயலாது. பெட்டையின் நட்பைப் பெறுதற்கு அஃதொரு வழி. இரையல்லாததைக் காட்டிப் பொய்யாக அழைக்கும் சேவல்களும் உண்டென ஆராய்ந்தோர் கூறுவர். எவ்வாறாயினும் அதனாற் சுற்றம் உணவு பெறுகின்றது என்பது பொய்யன்று.

காவற்றொழிலோ இதனினும் வியப்புடையது. வானிற் பருந்தைக் கண்டால் சேவல் மெல்லிதாய் நீண்ட ஒரு குரல் எழுப்பும். கீரியோ நாயோ நிலத்தில் வரக் கண்டால் விட்டுவிட்டு உரக்கக் கத்தும். முதற்குரல் கேட்ட பெட்டைகள் புதரிற் பதுங்கும். இரண்டாவது கேட்டவை நிமிர்ந்து நாற்புறமும் நோக்கும். பீட்டர் மார்லர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1986-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், துணையோடு நிற்கும் சேவல் பருந்தின் உருவைக் கண்டு குரல் எழுப்புவதுபோல், தனித்து நிற்பது எழுப்புவதில்லை எனக் கண்டனர். அக்குரல் வெறும் அச்சத்தின் ஓசையன்று. கேட்பாரை நோக்கிய எச்சரிக்கை என்பது இதனாற் போதரும்.

இனி, அது செய்யும் சண்டையைப் பற்றி ஒரு சொல். நார்வே நாட்டுச் செல்டெருப்-எப்பே என்பார் இளமை முதற் கோழிகளை நோக்கி வந்து, அவற்றுள் யார் யாரைக் கொத்தலாம் என்னும் வரிசைமுறை உண்டென்று 1922-இல் எழுதினார். வரிசை நிலைபெற்றபின் சண்டை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஒரு பார்வையே போதும். சேவல் நடுநிற்கப் பெட்டைகளுக்குள் பூசல் குறைவதும் உண்டு. தமிழ் பயிலும் எமக்கு இவ்விடத்துக் குறுந்தொகை நினைவிற்கு வருகின்றது. அதன் 305-ஆம் செய்யுளைப் பாடியவர், தாம் ஆண்ட உவமையாலே குப்பைக்கோழியார் எனப் பெயர் பெற்றவர். ஏவுவாரும் விலக்குவாருமின்றிக் குப்பைமேட்டிலே கோழிகள் பொருது தாமே ஓய்வதை அப்புலவர் எத்துணைக் கூர்ந்து கண்டிருந்தார்! தானே எழுந்து தானே அடங்குவதே சேவலின் இயற்கைப் போர். அதன் காலிற் கத்தி கட்டிக் குருதி சிந்தச் செய்வது மனிதர் வினை. விலங்குகளை ஏவிப் பொரவைப்பதை 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்கின்றது. பழியைச் சேவலின்மேல் ஏற்றுவது முறையோ?

அயலாரைத் துன்புறுத்திய கூவலுக்கு வருவோம். ‘கோழி கூவிப் பொழுது விடியுமா?’ என்பது பழமொழி. விடியாதுதான், ஆனால் விடியப்போவதை அது அறியும். ஜப்பானிலுள்ள நகோயாப் பல்கலைக்கழகத்தில் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2013-இல் காட்டியபடி, மாறா மங்கலொளியில் அடைத்து வைப்பினும் சேவல் ஏறத்தாழ ஒரு நாளுக்கொருமுறை தன் உடலுள் அமைந்த கடிகாரத்தின்படியே கூவுகின்றது. முதற்கூவல் தலைமைச் சேவலுக்கே உரியது. மற்றவை தத்தம் வரிசைப்படி தொடரும் என்பதை அவர்கள் 2015-இல் வெளிப்படுத்தினர். எனவே கூவல் செருக்கின் விளைவன்று. ‘இவ்விடம் எமது’ என்னும் அறிவிப்பு. பேதுருவை மனங்கசந்து அழச்செய்ததும் இத்தகையதொரு கூவலே.

1954-ஆம் ஆண்டு வரையிற் புதுவையை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. ஒலெரோன் தீவில் மோரிஸ் என்னும் சேவலின் கூவலைத் தடுக்க அயலார் வழக்கிட, 2019-இல் நீதிமன்றம் சேவலின் பக்கமே தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்து ஓசைகளையும் மணங்களையும் மரபுச்செல்வமாகப் போற்றும் சட்டமும் அந்நாட்டில் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டத்தைக் காட்டி உறக்கமிழந்தவர் வாயை அடைப்பது எமக்கு உடன்பாடன்று. ஊரும் உழைப்பாளியும் ஒருங்கே வாழ வழி காணல் வேண்டும்.

அவ்வழியை ஆயாவே கண்டார். ஒரு மாலை அவர் அயல்வீட்டிற்குச் சென்று, “தம்பி, சேவலில்லாமல் என் கோழிகள் கெட்டுப்போகின்றன, மறுபடி ஒன்று வாங்கப்போகின்றேன், உமது படுக்கையறைப் பக்கம் வாராமற் பார்த்துக்கொள்கின்றேன்” என்றார். அவரும், “ஆகட்டும் அம்மா” என இசைந்தார். புதிதாக வாங்கிய சேவலை இரவில் வீட்டின் மறுபுறத்தே, சுவர் மறைவிலே, பஞ்சாரத்தில் அடைத்து வைத்தார். கூவல் நின்றதில்லை, ஆனாற் பொறுக்கத்தக்க அளவிற்குத் தணிந்தது. மூன்று கிழமையிற் பெட்டைகளின் பூசலும் தணிந்தது.

ஆதலின் எம் கருத்து இதுவே: எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும், மிகுதியாயின் பெட்டைகளின் முதுகே இறகிழந்து வருந்தும். ஆனால் அந்த ஒன்றையும் வேண்டாததென்று தள்ளுதல் தகாது. முட்டைக் கணக்கில் இடம்பெறாத தொழில்களும் முற்றத்தில் நடைபெறுகின்றன. ஓர் உயிரைப் பயனற்றதெனத் தீர்ப்பிடுமுன், நண்பர்களே, ஒரு காலைப்பொழுதாயினும் தோட்டத்திலமர்ந்து அதனை நோக்குமின்.