சிவப்புக் குமிழில் மேடுகள் ஏன்?

விமான சிமுலேட்டருக்குக் காக்பிட் செய்கிறேன் என்று சொன்னால், “அச்சு அசலா இருக்கா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை வைத்துக் கேட்கும் கேள்வி அது. மீட்டர் கண்ணாடியில் விழும் ஒளி, இருக்கைத் தோலின் சுருக்கம் எல்லாவற்றையும் பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைமென்பொருளில் கொண்டுவந்துவிடலாம். பொறுமை இருந்தால் போதும். அசல் விமானத்தில் முள் தயங்குவதுபோல இதிலும் தயங்குகிறதா என்று யாராவது கேட்டால், அவரை உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசுவேன்.

நான் கட்டிக்கொண்டிருப்பது செஸ்னா 172பி, ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேட்டருக்காக. அதில் ஏற்கெனவே நல்ல 172பி ஒன்று உண்டு. அதன் கோப்புகளைத் திறந்து பார்த்துத்தான் இந்த வேலையைக் கற்றேன். ஆனால் அடுத்தவர் செய்ததைப் படிப்பதில் தெரியாதது, வெறும் திரையிலிருந்து நாமே கட்டும்போது தெரிகிறது.

1982இல் புரூஸ் ஆர்ட்விக் எழுதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சிமுலேட்டரில் திரையின் மேல்பாதி ஜன்னல், கீழ்ப்பாதி மீட்டர்கள். நெடுங்காலம் காக்பிட் என்பது இப்படித் தட்டையான படமாகவே இருந்தது. தலையைத் திருப்பிப் பார்த்து, அங்கேயே சுவிட்சைத் தட்டும் முப்பரிமாண அறையை அந்த நிறுவனம் 2003இல்தான் கொடுத்தது.

அத்தகைய அறைக்கான மீட்டரைச் செய்வது எப்படி என்பதற்கு வேகமானியை எடுத்துக்கொள்வோம். முள்ளைத் தனிப் பொருளாகச் செய்து, அது சுழலும் அச்சை வட்டத்தின் நடுவில் பொருத்த வேண்டும். மயிரிழை விலகினாலும் முள் கோணலாகச் சுற்றும். பிறகு, எத்தனை நாட் வேகத்துக்கு எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று சிமுலேட்டருக்குச் சொல்ல வேண்டும். ஒரே எண்ணால் பெருக்கி முடிக்க வழியில்லை, ஏனென்றால் முகப்பில் எண்கள் சம இடைவெளியில் இல்லை. எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த அழுத்தத்தைத்தான் இந்தக் கருவி அளக்கிறது. ஆகவே புள்ளி புள்ளியாக ஓர் அட்டவணை எழுதுகிறோம். இடைப்பட்டதை சிமுலேட்டர் நிரப்பிக்கொள்ளும். 172பியில் வெள்ளை வளைவு 33இலிருந்து 85 நாட் வரை. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை முழுவதும் இறக்கி அந்த எல்லைக்குள்தான் பறக்கலாம். 158இல், ஒருபோதும் தாண்டக்கூடாத சிவப்புக் கோடு. அட்டவணையில் ஒரு வரி பிசகினால், பழகுகிறவர் தவறான வேகத்தில் ஃபிளாப்பை இறக்கப் பழகிவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் மீட்டர். உள்ளே மெல்லிய உலோகப் பை ஒன்று. வெளிக்காற்றின் அழுத்தம் பைக்குள் உடனே போய்ச் சேரும். சுற்றியுள்ள பெட்டிக்குள் நுண்துளை வழியே மெல்லத்தான் நுழையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் முள்ளின் அசைவு. மூக்கைத் தூக்கியதும் முள் நகரத் தொடங்கிவிடும், சரியான எண்ணில் நிலைக்க 6 முதல் 9 வினாடி ஆகும். புதிதாகப் பழகுபவர் இந்த முள்ளைத் துரத்தித் துரத்தி விமானத்தைத் தொட்டில்போல ஆட்டுவார். தாமதமே இல்லாத மீட்டரை நான் செய்து கொடுத்தால், துரத்தக்கூடாது என்ற பாடம் அவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. திசை காட்டும் கைரோவும் இப்படித்தான்: அது மெல்ல மெல்ல விலகும், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துத் திருத்த வேண்டும். அந்த விலகலையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்பேன்.

அடுத்து குமிழ்கள். இன்ஜின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பெரிய, உருண்டையான கறுப்புக் குமிழ். பக்கத்தில் எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழ், விளிம்பைச் சுற்றி மேடுகளோடு. அதை முழுவதும் வெளியே இழுத்தால் இன்ஜின் நின்றுவிடும். கண்ணை வெளியிலிருந்து எடுக்காமலே இது எந்தக் குமிழ் என்பதை விரல் அறிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மேடுகள். பிடிகள் ஒரே மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு: இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் விமானிகள் தரையிறங்கிய பின் ஃபிளாப்பைத் தூக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். இரண்டு சுவிட்சுகளும் ஒரே மாதிரி, அருகருகே இருந்தன. அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் சக்கரத்துக்கான பிடியில் சிறு ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப்புக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்திக் காட்டினார். குற்றம் விமானிமேல் அல்ல, கருவிப் பலகைமேல் என்பதை அவ்வளவு எளிமையாக நிரூபித்த இன்னொரு செயலை நான் அறியேன். திரையில் அந்த மேடுகளை விரல் உணராது. இருந்தும் ஒவ்வொன்றையும் வடிவமாகவே செதுக்குகிறேன், படமாக ஒட்டுவதில்லை.

தொடங்க நினைப்பவர்கள் முழு அறையில் கைவைக்க வேண்டாம். வேகமானி ஒன்றை மட்டும் செய்து, அட்டவணையை எழுதி, ஓடுபாதையில் ஓட்டிப் பாருங்கள். அந்த முள் ஒழுங்காக நின்ற பிறகு தோலும் தூசும் வரைய வேண்டிய காலம் தானாக வரும்.