"நட" என்பது வைத்தியமா, வாய்ச்சொல்லா?

சர்க்கரை வியாதிக்கோ இரத்தக் கொதிப்புக்கோ குடும்ப டாக்டரிடம் போய்வருகிற ஒருவரைப் பிடித்து, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டால், காலையில் ஒன்று, இராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன் அரை என்று மாத்திரைக் கணக்கைப் பிசகாமல் ஒப்பித்துவிடுவார். "வேறு ஏதாவது?" என்று கிளறினால்தான் "நடக்கச் சொன்னார்" என்பார். எவ்வளவு நேரம், என்ன வேகம், வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டாலோ விழிப்பார். மாத்திரைக்குச் சீட்டு உண்டு. நடைக்குச் சீட்டு இல்லை.

ஜோசியன் பரிகாரம் சொன்னால் எந்தக் கிழமை, எத்தனை சுற்று, எத்தனை வாரம், எத்தனை விளக்கு என்று அணுவளவும் விடாமல் சொல்லுகிறான். ஒன்றுக்கும் உதவாத காரியத்திற்கு அவ்வளவு கணக்கு! ஆராய்ச்சியில் பலன் ருசுவான ஒரு காரியத்தை, படித்துப் பட்டம் பெற்ற டாக்டர், நோயாளி செருப்பை மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தையாகச் சொல்லி அனுப்புகிறார் என்றால் இதை என்னவென்று சொல்லுவது?

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறோம். லண்டன் மாடி பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டின டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் 1953-லேயே எழுதிவைத்தார். அது தூரத்துச் சங்கதி என்றால், நமது சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரனும் அவரது கூட்டத்தாரும் செய்து 2006-ல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பாருங்கள். சர்க்கரை வியாதி வரும் தறுவாயில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒன்றும் விசேஷமாகச் செய்யப்படாத பிரிவில் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் பற்றிப் புத்தி சொல்லித் தொடர்ந்து விசாரித்து வந்த பிரிவில் நூற்றுக்குச் சுமார் 39 பேருக்கே வந்தது. மெட்பார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் சுமார் 40. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் அதைவிட அதிகம் கிடைத்துவிடவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். அவர்கள் வியாதி வருமுன் இருந்தவர்கள், வந்துவிட்டவர்களின் நிலைமை வேறு.

அந்த ஆராய்ச்சியில் நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. எல்லோரையும் ஒரே வாயாக "நட" என்று அவர்கள் சொல்லவில்லை. உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைத் தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடக்கச் சொன்னார்கள். உடலுழைப்பு வேலையிலிருப்பவர்களையும், தினமும் அரை மணிக்கு மேல் நடக்கவோ சைக்கிள் மிதிக்கவோ செய்கிறவர்களையும் இருக்கிறபடியே செய்து வரச் சொன்னார்கள். அதாவது, ஆளின் பிழைப்பை முதலில் கேட்டார்கள்.

நமது டாக்டர்கள் எத்தனை பேர் கேட்கிறார்கள்? காலை எட்டு மணி முதல் செங்கல் சுமக்கும் சித்தாளுக்கும் "நட". வட்டிக் கடைத் திண்டில் சாய்ந்திருக்கும் முதலாளிக்கும் "நட". சித்தாள் வெளியே வந்து சிரிக்கத்தானே செய்வாள்?

பெண்கள் விஷயமோ இதைவிடக் கேடு. "அதிகாலையில் ஒரு மணி நேரம் நடம்மா" என்கிறார் டாக்டர். அந்த வேளையில் அடுப்பில் நிற்பது யார்? புருஷனுக்கும் அதே வியாதி, அதே டாக்டர், அதே புத்திமதி. அவர் கையை வீசி நடந்துவிட்டு வந்து "காப்பி எங்கே?" என்கிறார், அவளோ அந்தக் காப்பிக்காகவே நடையை விட்டவள். கிராமத்திலானால், காரியமில்லாமல் தெருவில் நடக்கிற பெண்ணை "எங்கே புறப்பட்டாய்?" என்று நாலு திண்ணை கேட்கும். ஆகவே, பெண்ணுக்கு நடையை எழுதுகிற டாக்டர், கூட வந்த புருஷனைப் பார்த்து, "அந்த ஒரு மணி அடுப்பு உன்னுடையது" என்று சொல்லாவிட்டால் அது பாதி வைத்தியமே.

நேரமில்லை என்பார்கள். வாசலில் நாற்பது பேர் காத்திருக்கும்போது நேரமில்லைதான், மறுக்கவில்லை. ஆனால் நியூசிலாந்தில் 1998 முதல் "பச்சைச் சீட்டு" என்று ஒன்று நடந்துவருகிறது. டாக்டரோ நர்சோ நோயாளியோடு பேசி, இன்னது செய்வது என்று சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பிறகு வேறு ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். 878 பேரை வைத்துப் பார்த்து 2003-ல் வெளியிட்டதில், வாரம் 150 நிமிஷம் என்ற அளவை எட்டினவர்கள், சீட்டுப் பெறாதவர்களைவிட நூற்றுக்குச் சுமார் 10 பேர் கூடுதல். பத்துத்தானா என்று இளப்பமாகக் கேட்கலாம். இருதய நோய் அபாயக் கணக்கில் அந்த ஒரு வருஷத்தில் தக்க வித்தியாசம் தெரியவில்லை என்பதும் உண்மையே. ஆனாலும் ஒரு துண்டுச் சீட்டும் சில விசாரிப்புமே நூற்றில் பத்துப் பேரை எழுப்பி நடக்கவைக்குமானால், அதை வேண்டாமென்று தள்ளத்தக்க அளவுக்கு நம்மிடம் வேறென்ன இருக்கிறது?

நமது சர்க்காரும் 2023-ல் ஜில்லாதோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்துத் திட்டம் துவக்கியது. பாதை நல்லதே. பாதை யாரையும் விசாரிக்காது.

குற்றம் முழுதும் டாக்டர் தலையிலுமல்ல. ஊசி போடாத டாக்டரைக் கைராசியில்லாதவர் என்றும், மருந்து எழுதாமல் பேசி அனுப்பினவரைக் காசு பறித்தவர் என்றும் தூற்றுவது நாம்தானே? டாக்டரைக் கடவுளாக்கிக் கைகட்டி நின்றால் அவரும் அருள்வாக்குப்போல் ஒற்றை வார்த்தைதான் சொல்லுவார். கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிற அறிவாளி அவர். கேட்கிற பாத்தியதை நமக்குண்டு.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம். பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். வாரம் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் வேலையும் வேண்டும். இதில் எனக்கு எவ்வளவு? என் முழங்கால் தாங்குமா? நடக்கையில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வது? இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்கலாமா? காலில் புண்ணிருந்தால்? அடுத்த முறை போகும்போது இவைகளைக் கேளுங்கள். மாத்திரை எழுதின அதே சீட்டில், மாத்திரைக்கு மேலே, பதிலையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கடுத்த முறை டாக்டர் இரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கேட்குமுன் அந்த வரியைக் காட்டி, இத்தனை நாள் நடந்தேன், இத்தனை நாள் நடக்கவில்லை, காரணம் இன்னது என்று நீங்களே ஆரம்பியுங்கள்.