வட்டி கட்டவே ஒரு ஃப்ளாட்

சென்னையில் ஒரு சம்பளக்காரர் ஃப்ளாட் வாங்க 50 லட்சம் கடன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 வருடம், 8.5% வட்டி. மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். முதல் மாதம் அதில் அசலுக்குப் போவது எட்டாயிரம்கூட இல்லை! முதல் வருட வட்டி மட்டுமே நாலு லட்சத்தைத் தாண்டிவிடும்.

பழைய வருமான வரிமுறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் கழிக்க விடுவது 2 லட்சம்தான். 2014 பட்ஜெட்டில் வைத்த வரம்பு. அதற்குப்பின் வீட்டு விலை ஏறலாமாம், இது மட்டும் ஏறக்கூடாதாம். புதிய முறையில் அந்த 2 லட்சமும் கிடையாது! இதில் யாருக்கய்யா சலுகை?

கூடுவாஞ்சேரி பக்கம் போனால் மலிவு என்கிறார்கள். சரி, போகிறார். தினமும் மின்சார ரயிலில் நின்றபடியே கழிகிற நேரத்துக்கு எந்தப் பிரிவில் கழிவு கேட்பார்?