பழைய படகு மோட்டார் வாங்குகிறீர்களா?

ஆற்றோரத் தோட்டங்களில் இறால் பிடிக்கச் சம்பான் வைத்திருப்போர் உண்டு. கை மாறிய மோட்டார் மலிவாக வருகிறதென்று சேமிப்பை எடுத்து நீட்டிவிடாதீர்கள்.

முதலில் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார். ஆறிய மோட்டாரே உண்மையைச் சொல்லும். கயிற்றை மெல்ல இழுங்கள். கை கனக்க வேண்டும். இலேசாக வந்தால் உள்ளே தேய்மானம். அடியிலுள்ள கியர் பெட்டித் திருகாணியைத் தளர்த்துங்கள். எண்ணெய் பால் தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

ஓடும்போது பின்புறத் துளையிலிருந்து தண்ணீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். நின்றால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். தண்ணீர் இறைக்கும் ரப்பர்ச் சக்கரம் கெட்டிருக்கலாம். நீருக்கு வெளியே ஓட்டவே கூடாது.

பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றுக்கு 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி எண்ணெய். உங்களுடையதற்கு எவ்வளவென்று கேட்டறியுங்கள். உப்புநீரில் ஓடிய அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

துடுப்பும் மிதவைச் சட்டையும் எப்போதும் இருக்கட்டும். நீர் வற்றும் வேளையில் கழிமுகத்தில் மோட்டார் நின்றால், ஆறு சம்பானைக் கடலுக்கு இழுத்துப் போகும். வீட்டில் உலை வைத்துக் காத்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.