ஆண்டவன் பேரால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை

ஒருவன் தன் வீட்டுக் குப்பையை நம் வாசலில் கொட்டினால் நாம் சும்மா இருப்பதில்லை. சாக்கடையை நம் பக்கம் திருப்பி விட்டாலும், வண்டியைக் குறுக்கே நிறுத்தி வழியை அடைத்தாலும், "இது என்னய்யா நியாயம்?" என்று கேட்டு விடுகின்றோம். ஆனால் அதே ஆசாமி வேப்ப மரத்தில் ஒரு கூம்புக் குழாயைக் கட்டி, விடியற்காலை நாலரை மணிக்கு ஊரே அதிரும்படி பாட்டுப் போட்டால் மட்டும் நாம் வாயைத் திறப்பதில்லை. ஏன்? குப்பைக்குக் கடவுள் பேர் இல்லை. கூம்புக் குழாய்க்குக் கடவுள் பேர் இருக்கின்றது. வித்தியாசம் இவ்வளவுதான். தொல்லை ஒன்றே என்றாலும், ஆண்டவன் பேரைப் பூசிவிட்டால் அது பக்தியாகி விடுகின்றது. அதைக் கேட்பவன் துரோகியாகி விடுகின்றான்.

வடலூரிலும் நெய்வேலியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குடியிருப்பவர்களில் ஏராளமானவர்கள் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் பாடுபடுகின்றவர்கள். அங்கே வேலை இரவு பகல் ஓய்வின்றி மூன்று ஷிப்டாக நடக்கின்றது. இரவெல்லாம் கண் விழித்துக் காலையில் வீடு வந்து படுக்கின்றவனுக்கு ஆடி மாதக் கூழும் மார்கழி மாதப் பஜனையும் என்ன நன்மை செய்கின்றன? தூக்கம் கெட்ட தொழிலாளி மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்கின்றான். கண் அயர்ந்து கை போனால், பாட்டுப் போட்ட விழாக் கமிட்டியார் அந்தக் கையைத் திருப்பிக் கொடுப்பார்களா? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், படுக்கையில் கிடக்கும் கிழவரும், தொட்டிலில் தூங்கும் குழந்தையும் இந்தப் பக்திக்கு வரி கட்டியே ஆக வேண்டுமா என்று கேட்கின்றோம்.

இதே வடலூரில் 1867-இல் தருமசாலையையும் 1872-இல் ஞானசபையையும் ஏற்படுத்திய இராமலிங்க சுவாமிகள் என்ன செய்தார் என்பதைப் பக்தர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும். ஜோதி விஷயத்தில் நமக்கும் அவருக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் ஜாதியும் சமயமும் பொய் என்று துணிந்து சொன்னவர் அவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதையே முதல் வேலையாக வைத்துக் கொண்டவர். சபை வழிபாட்டுக்கு 1872-இல் அவர் எழுதி வைத்த விதியில்கூட மெதுவாகத் துதிக்க வேண்டும் என்றே கண்டிருக்கின்றது. ஒலிபெருக்கியே இல்லாத காலத்தில் கடவுளை நம்பிய ஒருவர் அப்படிச் சொன்னார். ஒலிபெருக்கி வந்தபின் அவர் ஊரிலேயே கடவுளுக்குக் காது மந்தமாகி விட்டதா?

நிற்க, இது நாஸ்திகர்களின் கூப்பாடு மாத்திரமே என்று யாரும் தள்ளிவிட முடியாது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலையை அடுத்த கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனியில், பக்கத்திலிருந்த ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியும் டிரம்மும் பொறுக்க முடியாமல் காலனி நலச் சங்கத்தார் 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முறையிட்டார்கள். அது ஹைகோர்ட்டுக்குப் போய், பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. சபையார் மத சுதந்திரத்தைக் காட்டினார்கள். சத்தம் சாலை வண்டிகளால் வருவது என்றும் சொன்னார்கள். 30-8-2000-இல் சுப்ரீம் கோர்ட்டு, அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டுமென்றோ, ஒலிபெருக்கி வைத்தும் கொட்டு அடித்தும்தான் செய்ய வேண்டுமென்றோ எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்தது. ஒரு தெருக்காரர்கள் ஒன்றுகூடிக் கேட்டதனால் தேசம் முழுவதற்கும் ஒரு நியாயம் கிடைத்தது.

அந்த 2000-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்ட ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் மேல் சத்தம் கூடாது. எழுத்து மூலமான அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் அது வாயைத் திறக்கவே கூடாது. விழாவுக்கென்று அரசாங்கம் விலக்குக் கொடுத்தாலும், வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், நள்ளிரவு 12 மணி வரையில்தான். அப்படியானால் நாலரை மணிப் பஜனை எந்தச் சட்டத்தில் நடக்கின்றது? ஜனங்களின் பயத்தில் நடக்கின்றது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மேற்படி தீர்ப்பு ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றியது என்பதற்காக, அதைக் காட்டி மாதா கோவிலையும் மசூதியையும் மிரட்டிவிட்டுத் தங்கள் மாரியம்மன் கூம்பை மட்டும் மரத்திலேயே வைத்துக் கொள்ளப் பார்க்கும் யோக்கியர்கள் இருக்கின்றார்கள். சேரியில் சாவுக்குப் பறை அடித்தால் "தொந்தரவு" என்று புகார் எழுதும் மேல்தெருக்காரர், தங்கள் தேர்த் திருவிழாவின் அதிர்வேட்டைச் "சம்பிரதாயம்" என்கின்றார். இது நியாயம் கேட்பதாகாது. ஜாதித் திமிருக்கும் மத துவேஷத்திற்கும் சட்டத்தைத் துணைக்கு அழைப்பதாகும். 55 டெசிபல் என்றால் எல்லாச் சாமிக்கும், எல்லா ஜாதிக்கும், எல்லாக் கட்சிக்கும் 55 டெசிபல்தான். நமது இயக்கக் கூட்டங்களுக்கும் அதே அளவுதான். பத்து மணி அடித்தால் எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் ஒலிபெருக்கியை நிறுத்திவிட வேண்டும். மூடப்பழக்கத்தைக் கண்டிக்கும் கூட்டமே ஒரு நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்குமானால் அந்தக் கண்டனத்திற்கு மதிப்பேது?

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டியது சண்டையல்ல. முதலில் நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். "ஐயா, வீட்டில் ராத்திரி வேலைக்குப் போய் வந்தவர் தூங்குகின்றார், குழாயைக் கழற்றிப் பந்தலுக்குள் சின்னப் பெட்டியாக வைத்துக் கொள்ளுங்கள்" என்றால் பாதிப் பேர் கேட்பார்கள், ஏனெனில் அவர்கள் வீட்டிலும் தூக்கம் கெட்டுக் கொண்டுதான் இருக்கின்றது. கேட்காவிட்டால் தனியாக நின்று மல்லுக்கட்ட வேண்டாம். தெருவில் உள்ள எல்லா ஜாதியாரும், பக்தர்கள் உட்பட, ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுப் போலீசாரிடம் கொடுங்கள். தேதியும் நேரமும் குறித்து வைத்து, ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பொதுத் தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு இருக்கின்றது. தனியாகக் கேட்பவனை "நாஸ்திகன்" என்று ஒதுக்கி விடலாம். நாற்பது வீடு சேர்ந்து கேட்டால் என்ன பேர் வைப்பார்கள்?

அந்த நாற்பது வீடும் ஒன்று சேராததற்குக் காரணம் ஜாதிதான். ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடிக்காத தெருவில் ஒரு மனுவில் எப்படிச் சேர்ந்து கையெழுத்துப் போடுவார்கள்? பக்கத்து வீட்டானைத் தன்னைப் போல் ஒரு மனிதன் என்று எண்ணுவதற்குப் பேர்தான் சுயமரியாதை. அந்த எண்ணம் வந்துவிட்டால் குப்பையும் வாசலில் விழாது, குழாயும் மரத்தில் ஏறாது. வராதவரையில் எவ்வளவு சத்தமாகச் சாமி கும்பிட்டாலும் அது பக்தியாகாது. பக்கத்து வீட்டுக்காரனுக்குச் செய்யும் அக்கிரமமேயாகும்.