பெட்டி மேல் எழுதிய வாட்டும், ஒயரில் வரும் வாட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளுக்குக் கார் வாங்கிக் கொடுத்தவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் என் அக்கா பேரன் பழைய கார் ஒன்றை வாங்கிக்கொண்டு பொம்மிடிக்கு வந்தான். டிக்கியில் பெரிய சப்-ஊஃபர். பக்கத்தில் ஆம்ப்ளிஃபையர். அதன் மேல் கொட்டை எழுத்தில் 2000 வாட் என்று ஸ்டிக்கர். பாட்டுப் போட்டான். எங்கள் வீட்டு ஜன்னல் கதவு அதிர்ந்தது. ஆனாலும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

"ரெண்டாயிரம் வாட்டுக்கு இது பத்தல தாத்தா. ஃபியூஸைப் பெருசா மாத்தினா சத்தம் ஏறும்னு கடையில சொல்றாங்க" என்றான்.

இந்த ஒரு பேச்சுதான் என்னை எழுத வைத்தது.

"முதல்ல அந்த ஃபியூஸ்ல என்ன எழுதியிருக்குன்னு படி" என்றேன். 30 ஆம்பியர். ஒரே ஒரு ஃபியூஸ். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் இருக்கும். 14-ஐ 30-ஆல் பெருக்கினால் 420 வாட். ஆம்ப்ளிஃபையர் உள்ளே வாங்குவதே தொடர்ந்தாற்போல் அவ்வளவுதான். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அவனுடையது ஏபி வகை. முழுச் சத்தத்தில் அறுபது சதவீதம் வெளியே வந்தாலே நல்லது. அப்படியானால் சுமார் 250 வாட். அதற்கு மேல் எங்கிருந்து வரும்? 420 லிட்டர் ஊற்றிய தொட்டியில் 2000 லிட்டர் இறைக்க முடியுமா?

கணக்கைச் சொன்னால் மட்டும் நம்புவானா? அளந்தே பார்த்தோம். வீட்டில் கிடந்த மல்டிமீட்டர் போதும். செல்போனில் 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஏற்றிக்கொண்டோம். ஏன் 50? நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். சாதாரண மீட்டர்கூட அதைச் சரியாகக் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, கார்க் கதவுகளைத் திறந்து வைத்து, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, சப்-ஊஃபருக்குப் போகும் இரண்டு முனைகளிலும் முள்ளை வைத்தேன். சத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றச் சொன்னேன். ஒலி கரகரக்கத் தொடங்கியதும் கொஞ்சம் குறைத்து நிறுத்தினான். மீட்டரில் 26 வோல்ட். சில நொடிகளிலேயே நிறுத்திவிட்டோம். அதிக நேரம் விட்டால் ஸ்பீக்கரின் சுருள் சூடாகிவிடும்.

ஸ்பீக்கரில் எழுதியிருந்தது 4 ஓம். 26-ஐ 26-ஆல் பெருக்கினால் 676. அதை 4-ஆல் வகுத்தால் 169 வாட். இதுவும் ஒரு தோராயம்தான். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கரின் தடை ஒலிக்கு ஒலி மாறும், பெரும்பாலும் 4-க்கு மேல்தான் நிற்கும். அதனால் உண்மையான அளவு 169-க்கும் கீழேதான் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 2000-க்குப் பக்கத்தில் இல்லை.

அப்படியானால் அந்த 2000 எங்கிருந்து வந்தது? பி.எம்.பி.ஓ. என்று ஒரு சொல் கேட்டிருப்பீர்கள். கண் இமைக்கும் நேரத்துக்கு எட்டக்கூடும் என்று சொல்லப்படும் உச்சம் அது. எப்படி அளப்பது என்பதற்குப் பொது விதி எதுவும் இல்லை. ஆளுக்கொரு எண் போட்டுக்கொள்ளலாம். ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து கொடுக்கும் அளவு. வீட்டு ஆம்ப்ளிஃபையர்களில் இதே கூத்து நடந்ததால்தான் அமெரிக்க அரசு 1974-லேயே விதி கொண்டுவந்தது. கார் ஆம்ப்ளிஃபையருக்கு 2003-ல் அங்குள்ள மின்னணுத் தொழில் சங்கம் சி.இ.ஏ. 2006 என்ற அளவுமுறையை வகுத்தது. 14.4 வோல்ட், 4 ஓம், ஒலிச் சிதைவு 1 சதவீதத்துக்குள் இருக்கும்போது எத்தனை வாட் என்று சொல்ல வேண்டும். படியும் எடைக்கல்லும் முத்திரை இல்லாமல் இருந்தால் கேள்வி கேட்கிற நாம், வாட்டை மட்டும் ஏன் கேட்பதில்லை?

இப்போது ஃபியூஸுக்கு வருகிறேன். ஃபியூஸ் சத்தத்துக்குக் காவல் இல்லை, ஒயருக்குக் காவல். 30 ஆம்பியருக்கு இழுத்த ஒயரில் 60 ஆம்பியர் ஓடினால் சூடு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அந்த ஒயர் பேட்டரியிலிருந்து கார்பெட்டுக்கு அடியில், நீங்களும் பிள்ளைகளும் உட்காரும் இருக்கைக்குக் கீழேதான் போகிறது. அவன் காரில் பேட்டரி பக்கத்தில் ஃபியூஸே இல்லை. வழியில் எங்காவது ஒயர் தேய்ந்து தகரத்தில் பட்டிருந்தால் தடுக்க ஒன்றுமே இல்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவன், இதைப் பார்த்தபோது வயிறு கலங்கிப்போனேன்.

மறுநாளே ஊரில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் பழைய மாணவன் வந்து, தடித்த செம்பு ஒயர் போட்டு, பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஃபியூஸ் வைத்துக் கொடுத்தான். பேரனுக்கு இன்னொன்றும் சொன்னேன். வாட் இரண்டு மடங்கானால் ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். நிஜமாகவே 2000 வாட் வேண்டுமென்றால் இருநூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவன் காரின் ஆல்டர்னேட்டர் அதில் பாதியைக்கூடத் தராது. கரகரப்பு வரும் இடத்துக்குக் கீழே நிறுத்தியதும், "இப்பதான் தாத்தா சுத்தமா கேக்குது" என்றான்.

அவன் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது அது அவனுக்கு ஞாபகம் வரவில்லை. தப்பு அவன்மேல் மட்டுமா? நானும் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிப் போட்டேன், மனப்பாடம் செய்ய வைத்தேன். ஒரு மீட்டரை உங்கள் கையில் கொடுத்து, "இந்த டார்ச் லைட்டை அளந்து பார்" என்று எத்தனை நாள் சொன்னேன்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குறை எனக்கு உண்டு.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, வருஷத்துக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் கையில் மீட்டரைக் கொடுங்கள். கார் அலங்காரக் கடை வைத்திருக்கும் மாணவர்களே, ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேட்காதவரிடமும் நீங்களே சொல்லுங்கள். வாங்குகிறவர்களே, பணம் கொடுப்பதற்கு முன் ஆம்ப்ளிஃபையரைத் திருப்பி ஃபியூஸில் உள்ள எண்ணைப் படியுங்கள். ஸ்டிக்கரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஃபியூஸில் அப்படி எழுத முடியாது.

கணக்கில் எங்காவது தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார், பொம்மிடி