நாள்காட்டியைக் கிழிச்சுப் போட்டா ரசவாதம் எங்கேருந்து வரும்?

போன வாரம் நண்பர் ஒருத்தர்கிட்ட வீடியோ கேம் பத்திப் பேசிட்டிருந்தேன். அட்டெலியே ரொரோனா விளையாடிப் பாருங்கன்னு சொன்னதுதான் தப்பு. "யோவ், பகல் முழுக்க ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு வர்றேன். வீட்டுக்கு வந்து விளையாட உக்காந்தாலும் டெட்லைனா? ஆளை விடும்"னுட்டார்.

அவர் ஒருத்தர் சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஆனா இந்தத் தொடரைப் பத்தி யார் பேசினாலும் இதே பல்லவிதான். அதனால இன்னிக்கு ஒரு கை பாத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஜப்பான்ல நாகானோங்கிற ஊரைச் சேர்ந்த கஸ்ட் நிறுவனம் 1997-ல பிளேஸ்டேஷனுக்காக 'மேரியின் அட்டெலியே'ன்னு ஒரு ஆட்டம் போட்டாங்க. அட்டெலியேன்னா பட்டறை. மத்த ஆர்பிஜில எல்லாம் நாயகன் உலகத்தைக் காப்பாத்த வாளைத் தூக்கிட்டுக் கிளம்புவான். இதுல மேரி, ரசவாதப் பள்ளியிலேயே கடைசி மார்க் வாங்குற பொண்ணு. டீச்சர் அவளுக்கு ஒரு பட்டறையைக் கொடுத்து, "அஞ்சு வருஷம் டைம், உருப்படியா ஒரு பொருள் செஞ்சு காட்டு, அப்பத்தான் பாஸ்"னு சொல்லிடறாங்க. உலகமாவது, காப்பாத்துறதாவது... அரியர் க்ளியர் பண்றதுதான் கதை!

2009-ல வந்த ரொரோனாவும் அதே வம்சம்தான். சோம்பேறி குருவோட பட்டறையை அரசாங்கம் மூடப் பாக்குது. மூணு வருஷத்துல பன்னிரண்டு வேலை, மூணு மாசத்துக்கு ஒண்ணு, முடிச்சுக் கொடுத்தா பட்டறை பிழைக்கும். காட்டுக்குப் போய் மூலிகை பறிச்சா நாள் போகும். கொப்பரையில போட்டுக் கிண்டினா நாள் போகும். சும்மா நடந்தாலே நாள் போகும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆட்டத்துல காசு பெரிய விஷயமே இல்ல. செலவழிக்கிற ஒரே சொத்து நாள்தான். ஒரு வெடிகுண்டு செய்யலாமா, ஒரு பை சுடலாமான்னு யோசிக்கிறப்போ (ரொரோனாவுக்கு பைன்னா உயிரு) உண்மையில யோசிக்கிறது "இந்த நாலு நாளை எதுக்குக் கொடுக்கப் போறேன்?"ங்கிறதைத்தான். அந்தக் கேள்வி இருக்கிறதாலதான் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எடை வருது. கேள்வியை எடுத்துட்டா மிச்சம் என்ன? மூட்டை மூட்டையா புல்லு பறிச்சு வீட்டுல அடுக்குற வேலை. அதுக்குப் பேரு ரசவாதம் இல்லைங்க, குடோன் மேனேஜ்மென்ட்.

2014-ல ஷாலி வந்தப்ப நாள்காட்டியைத் தூக்கிட்டாங்க. 2015-ல சோஃபிலயும் கெடு கிடையாது. 2019, 2020, 2023-ன்னு ரைஸா மூணு ஆட்டமும் அதே வழி. ரைஸா நல்லா வித்துச்சு, புதுசா நிறைய பேரை இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்துச்சு, நானும் ரசிச்சு விளையாடினேன், மறுக்கல. ஆனா "பாத்தீங்களா, கெடுவை எடுத்ததும் தொடர் உருப்பட்டுடுச்சு"ன்னு ஒரு குரூப் கிளம்பிச்சு பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பு. என்னமோ இருபது வருஷமா இந்தத் தொடருக்குச் சீக்கு வந்திருந்த மாதிரியும், இப்பதான் மருந்து கண்டுபிடிச்ச மாதிரியும்!

சரி, எதிர்க்கட்சி வாதங்களையும் பாத்துடுவோம்.

"டென்ஷனா இருக்கு." எங்க டென்ஷன்? 2013-ல வந்த எஸ்கா & லோகியை எடுத்துக்குங்க. நாலு மாசத்துக்கு ஒரு தவணை. முக்கிய வேலையைச் சீக்கிரமே முடிச்சுட்டு மிச்ச நாள் பூரா ஊர் சுத்தலாம். டோட்டோரி (2010) கொஞ்சம் கறார்தான், ஒத்துக்கறேன். காணாமப் போன அம்மாவைத் தேடிப் போற பொண்ணு கதை, ஆனா முன்கூட்டியே திட்டம் போடலைனா அந்தத் தேடலே பாதியில நின்னுடும். எனக்கும் நின்னுச்சு. அதுக்காக எல்லா நாள்காட்டியையும் கொளுத்தணுமா? டோட்டோரி காலண்டரைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்க, நானும் கூட வந்து கோஷம் போடறேன்.

"நேரக் கெடுவே பழைய காலத்து வழக்கம்." அப்படியா? 2016-ல பெர்சோனா 5 வந்தப்ப நாள்காட்டியைப் பாத்து ஆஹா ஓஹோன்னது யாரு? மூணு நாள்ல நிலா வந்து தலையில விழும்னு மிரட்டுற செல்டா மஜோராஸ் மாஸ்க்கை (2000) காவியம்னு கொண்டாடுறது யாரு? அங்க இருந்தா கலை, இங்க இருந்தா கொடுமையா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

கஸ்ட்டே நமக்கு ஒரு பரிசோதனை நடத்திக் காட்டியிருக்காங்க. 2016-ல வந்த ஃபிரிஸ். பெரிய கல் கதவுக்குப் பின்னாடி சுரங்க ஊர்ல வளர்ந்த பொண்ணு முதல்முறையா வெளியுலகம் பாக்கறா. ஒரு வருஷத்துக்குள்ள பரிந்துரைக் கடிதம் வாங்கி ரசவாதப் பரீட்சை எழுதணும். அந்த ஒரு வருஷம் இருக்கே, ஒவ்வொரு ஊரும் தித்திக்கும். பரீட்சை முடிஞ்சதும் கெடு கிடையாது, எங்க வேணா போகலாம். நான் அதுக்கப்புறம் ரெண்டு ராத்திரி விளையாடினேன். மூணாவது ராத்திரி ஆன் பண்ணவே தோணல. அதே பொண்ணு, அதே உலகம். நாள் மட்டும்தான் போயிடுச்சு.

2023-ல மேரியை மறுபடி எடுத்தப்போ கெடு இருக்கிற ஆட்டம், இல்லாத ஆட்டம், எது வேணும்னு நம்மகிட்டயே விட்டுட்டாங்க. அது நியாயம். வேண்டாதவங்க விலக்கிக்கட்டும். வேணும்கிறவங்க தட்டுல இருந்து பிடுங்காதீங்க, அவ்ளோதான் என் கோரிக்கை.

கடைசியா சொந்தக் கதை. முதல் தடவை ரொரோனா விளையாடினப்ப நாள் பூரா காட்டுலயும் கொப்பரையிலயுமே கழிச்சேன். பட்டறை பிழைச்சுது. ஆனா தோழி கோர்டீலியா கதை பாதியில நின்னுச்சு, சமையக்காரன் இக்செல் கதையை எட்டியே பாக்கல. முடிவுத் திரை வந்தப்போ சுருக்குன்னுச்சு. 'வேலையை முடிச்சோம், மனுஷங்களை விட்டுட்டோம்'னு ஒரு பொம்மை ஆட்டம் என்கிட்ட சொல்லிட்டுப் போயிடுச்சு. மணி பாத்தேன், ராத்திரி ஒண்ணு. பக்கத்து ரூம்ல பொண்ணு தூங்கிட்டிருந்தா. "நாளைக்குப் படிச்சுக் காட்டறேன்"னு சொல்லி வச்ச கதைப் புத்தகம் நாலு நாளா அவ தலைமாட்டுலயே கிடந்துச்சு. மறுநாள் படிச்சுக் காட்டினேன். கெடு இல்லாத எந்த ஆட்டமும் என்னை அந்தப் புத்தகத்தை எடுக்க வச்சதில்ல.

ஆபீஸ் டெட்லைன் யாரோ போடறது, அதுல எனக்குச் சாய்ஸ் கிடையாது. ரொரோனாவோட நாள் என் கையில இருக்கு, எதுக்குக் கொடுக்கணும்னு நான்தான் முடிவு பண்றேன். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்றவங்களுக்கு இதுக்கு மேல எப்படி விளக்குறதுன்னு தெரியல சாமி.

டிஸ்கி: கெடு இல்லைனா என்ன ஆகும்னு இன்னும் சந்தேகம் இருக்கிற சக பதிவர்கள், அவங்கவங்க ட்ராஃப்ட் பெட்டியைத் திறந்து பாத்துக்கவும். என்கிட்ட 43 தூங்குது. கும்ம வர்றவங்க பின்னூட்டத்துக்கு வரலாம், கெடு எதுவும் இல்ல :)